தேங்காய் எண்ணெய் விட்ட மிஷின்

தையல் மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சர். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்புக்குள் நுழைந்ததும் ஊசியைப் பற்றியோ நூலைப் பற்றியோ பேச மாட்டேன். "வீட்டில் மிஷின் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். அதற்கு என்ன எண்ணெய் விடுகிறீர்கள்?" என்றுதான் கேட்பேன். பாதிப் பிள்ளைகள் தங்கள் தலையைத் தொட்டுக் காட்டும். தலைக்குத் தடவுகிற அதே எண்ணெய்! அப்புறம் அந்தப் பீரியட் முழுக்க வசவுதான்.

மிஷின் எண்ணெய் என்று சின்ன பாட்டிலில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதை வாங்கப் போக வேண்டுமே. அலமாரியில் தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஊற்றினால் வழவழவென்று ஓடவும் ஓடும். தினமும் தைத்துக்கொண்டிருக்கிற வரை ஒன்றும் தெரியாது. பிள்ளைப்பேறு, உடம்பு சரியில்லை என்று இரண்டு மாதம் தொடாமல் விட்டால் தீர்ந்தது கதை. பஞ்சும் தூசும் எண்ணெயும் சேர்ந்து பிசினாக இறுகிவிடும். வீலை இரண்டு கையால் பிடித்துச் சுற்றினாலும் அசையாது. மிஷின் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, வீட்டில் இருப்பவர்கள் அதைக் காயலான் கடையில் போட்டுவிடுவார்கள்.

அப்படிப் போடப்பட்ட மிஷின்களைப் பொறுக்கி எடுத்துவந்துதான் நான் என் வீட்டை நிரப்பினேன். அதாவது, எந்தத் தப்புக்காகப் பிள்ளைகளைத் திட்டினேனோ, அந்தத் தப்பினால்தான் என் ஆசை நடந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். பள்ளிக்கூடத்து மிஷின் ஒன்றுக்கு ஒரு பல்சக்கரம் தேடிக் காலடிப்பேட்டையில் ஒரு காயலான் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெற்கத்தி ஆள், அண்ணாச்சி. உடைந்த ஃபேன், சைக்கிள் பிரேம், கப்பலில் இருந்து கழற்றிய பித்தளைக் குழாய் என்று குவிந்து கிடந்த சாமான்களுக்கு அடியில் ஒரு கருப்பு மிஷின் கவிழ்ந்து கிடந்தது. அதன் கழுத்தில் இருந்த தங்கக் கொடி ஓவியம் மட்டும் அழுக்குக்குள்ளிருந்து மினுங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. பல்சக்கரத்தை மறந்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு, என் வீடு இருக்கிற ராயபுரத்துக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டது போதாதென்று, இறங்கும் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு பள்ளி விட்டு வரும்போதெல்லாம் அண்ணாச்சி கடையில் எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இறுகிய மிஷினைச் சோதிக்க எனக்கு ஒரு முறை உண்டு. எண்ணெய் விடும் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவேன். துரு வாடை அடித்தால் கஷ்டம். காறிப்போன தேங்காய் எண்ணெய் வாடை அடித்தால் மிஷின் சாகவில்லை, மயங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். கெரசினும் பொறுமையும் போதும்.

மூன்று நான்கு வருஷத்தில் வீட்டில் பத்து மிஷின் சேர்ந்துவிட்டது. இரண்டே அறை உள்ள வீடு. கட்டிலுக்கு அடியில் மூன்று, சமையலறை மேடைக்குக் கீழே இரண்டு. என் வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்து வந்து காலை நீட்டினால் ஏதாவது ஒரு இரும்பில் இடித்துக்கொள்வார்.

"வூடா இது, இல்ல காயலான் கடையா? அங்க கன்டெய்னரு, இங்க மிஷினு. ஒரு நா பாரு, எல்லாத்தையும் இஸ்துகினு போய் கடல்ல போட்டுட்டு வரேன்."

"போடுங்க. அப்பால உங்க பேன்டு கிழிஞ்சா கடலாண்டயே போய் தச்சுக்குங்க."

சிரித்துவிடுவார். நல்ல மனுஷன்தான்.

இத்தனை மிஷின் இருந்தும் எனக்கு ஒரு குறை இருந்தது. இப்போது இருக்கிற மிஷின்களில் அடிநூல் வட்டமான பாபினில் சுற்றியிருக்கும். இதற்கெல்லாம் முந்தைய ஒரு மாடல் உண்டு. அதில் படகு மாதிரி நீளமான ஒரு ஷட்டில் அடியில் போய்ப்போய் வரும். அதற்குள் பென்சில் போல ஒல்லியாக அடிநூல் கட்டை. டிரெயினிங் படித்தபோது ஒரே ஒரு தரம் பார்த்தது. அந்த ஷட்டில் ஓடுகிற சத்தம் காதிலேயே நின்றுவிட்டது. மூர் மார்க்கெட், யானைக்கவுனி என்று தேடாத இடமில்லை. கிடைக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அது தானாக வந்து சேர்ந்தது. நான் அண்ணாச்சி கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. இரும்பு ஸ்டாண்டோடு ஒரு மிஷினை இறக்கினார்கள். கூட ஒரு பெண், ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மிஷினைப் பார்த்ததும் என் கையில் இருந்த டீ சிந்தியது. ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைத் தள்ளிப் பார்க்கவே வேண்டாம், உடம்பின் வாகைப் பார்த்தாலே தெரியும். படகு ஷட்டில் மிஷின். கழுத்தில் கொடி ஓவியம் ஒரு இலைகூட அழியாமல் இருந்தது. தலையில் போன ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எங்க நைனா ஹார்பர்ல மூட்டை தூக்கும்போது ஒரு கப்பல்காரன்கிட்ட வாங்கினது அண்ணாச்சி," என்றாள் அவள். "ஜாக்கெட்டு, பாவாடை, ஸ்கூல் யூனிபாரம், அல்லாம் இதுலதான் தச்சுகினு இருந்தேன். ரெண்டு மாசம் மஞ்சக்காமாலைல படுத்துட்டேன். எந்திரிச்சு வந்து சுத்தினா சுத்தவே மாட்டேங்குது. மெக்கானிக்கு வந்து பாத்தான். இதுக்கு பார்ட்ஸே கெடைக்காது, தூக்கிப் போடுன்னுட்டான்."

அண்ணாச்சி வீலைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"டீச்சரம்மா, நீங்க பாத்துச் சொல்லுங்க. இது ஓடுமா, ஓடாதா?"

நான் எழுந்து போனேன். வழக்கம்போல எண்ணெய் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டேன். மூக்கருகே கொண்டுபோனேன். குப்பென்று தேங்காய் எண்ணெய். துரு என்பது பேருக்குக்கூட இல்லை.

கெரசின் ஊற்றினால் ஓடிவிடும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அவள் அதே வண்டியில் மிஷினைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். இத்தனை வருஷம் தேடியது என் கண் முன்னால் வந்து நின்றுவிட்டுப் போய்விடும்.

"நல்லா இறுகிப் போயிருக்கு அண்ணாச்சி," என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க டீச்சரா? இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதா?"

நான் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிதான், "மெக்கானிக்கே சொல்லிட்டான்ல, தாயி" என்று முடித்துவைத்தார். அவள் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்தாள்.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வேலை செய்து பிழைத்த சாமான் எதையும், அதன் சொந்தக்காரர் தெருமுனை தாண்டுகிற வரை உடைக்க மாட்டார். சுத்தியல் சத்தம் அவர்கள் காதில் விழக் கூடாது என்பார். அன்றைக்கு அவருக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. அவள் முனை திரும்பியதுமே, "இது எனக்கு" என்று சொல்லிவிட்டேன்.

மிஷின் தலையைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், பழைய பேப்பர் விரித்து, ரேஷன் கெரசினைக் கோழி இறகால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினேன். வெயிலில் வைத்தேன். மறுநாளும் தடவினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீலைப் பிடித்தபோது கருப்பாக ஒரு சாறு வடிந்தது. அப்புறம் ஒரு நூலளவு அசைந்தது. அப்புறம் கால் சுற்று. அப்புறம் தானாகச் சுழன்றது. அந்தச் சத்தம்! படகு போய்ப்போய் வருகிற அந்தச் சின்ன டக்குடக்கு. மாடியில் ஒண்டியாக உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். வீட்டுக்காரரின் பழைய லுங்கியில் தைத்துப் பார்த்தேன். கோலப்புள்ளி வைத்தது போல ஒரே சீராகத் தையல் விழுந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தப் பெண்ணின் நினைப்பு துளிகூட வரவில்லை.

ஸ்டாண்டில் இருந்த டிராயரைச் சுத்தம் செய்தபோதுதான் ஒரு நோட்டு கிடைத்தது. அளவு நோட்டு. பேர் எழுதாமல் ஆளைச் சொல்லி எழுதியிருந்தாள். "மாடி வீட்டு அக்கா, மார்பு 36, இந்த வருஷம் 38." "இட்லிக் கடை, கழுத்து இறக்கம் வேண்டாம், வீட்டுக்காரர் திட்டுவார்." "பால்காரர் மருமகள், கை இறுக்கம் பிடிக்காது." படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டை மூடி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். சனிக்கிழமை காலை. வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து நாஸ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் குரல் கேட்டது. "டீச்சரு வூடு இதானே?"

எட்டிப் பார்த்தேன். அவள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவையை உருவி, கூடத்தில் நடுநாயகமாக நின்ற அந்த மிஷின் மேல் போட்டேன். தலை முதல் ஸ்டாண்டு வரை மூடியது. பிறகுதான், "வாங்க வாங்க" என்றேன்.

"அண்ணாச்சிதான் வூடு சொன்னாரு. டிராயர்ல என் அளவு நோட்டு ஒண்ணு மாட்டிகிச்சு. இங்க இருக்குதா டீச்சரு?"

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "யம்மாடி, எவ்ளோ மிஷினு! அல்லாம் ஓடுமா?"

"சிலது ஓடும்."

"என்னுது?"

"பின்னாடி கீது. இன்னும் கை வைக்கல."

அவள் தலையாட்டினாள். இப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாளாம். தைத்து வருகிற சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நாள் முழுக்க நின்றுகொண்டே வெட்டுகிற வேலை. "தைக்கவே வுட மாட்டேன்றாங்க டீச்சரு. கரன்ட் மிஷின் ஓட்டத் தெரிஞ்ச பொண்ணுங்க வேணுமாம். எனக்கு இந்த கால்மிஷின்தானே தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். புடவை மூடிய மிஷின் அவள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

அவள் போனதும் வீட்டுக்காரர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "இன்னாத்துக்கு பொடவையப் போட்டு மூடினே?"

"தூசு."

"ஆங், தூசு," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தேவலையாக இருந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்கு முழுக்க எரிந்து எரிந்து விழுந்தேன். காய்கறிக்காரம்மாவோடுகூடச் சண்டை.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்க வீட்டு மிஷின் இறுகிப்போச்சு, என்ன பண்றது?" என்று கேட்டாள். "கெரசின் விட்டு வெயிலில் வை, ஓடிவிடும்" என்று பட்டென்று வாயில் வந்தது. அறுபது பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்கிற இந்த ஒரு வரியை அவள் ஒருத்திக்கு மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரும்பலகையைத் துடைப்பது போலத் திரும்பி நின்றுகொண்டேன். வெட்கமாக இருந்தது.

வாரம் முழுக்க என்னோடு நானே மல்லுக்கட்டினேன். நான் திருடவில்லையே, அவள்தானே கொண்டுவந்து போட்டாள், நான் எடுக்காவிட்டால் அண்ணாச்சி சுத்தியல்தானே, என்று எத்தனையோ நியாயம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் பால்காரர் மருமகள்தான் நினைவுக்கு வந்தாள். அவளுக்குக் கை இறுக்கம் பிடிக்காது என்பது இனிமேல் யாருக்குத் தெரியும்?

அடுத்த ஞாயிறு ஒரு மீன்பாடி வண்டியைக் கூப்பிட்டுவரச் சொன்னேன். வீட்டுக்காரர் எதற்கென்று கேட்காமல் ஸ்டாண்டின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டில், மிஷினைக் கட்டிப்பிடித்தபடி நான் வண்டியில், அவர் பின்னால் சைக்கிளில். காலடிப்பேட்டையில் அண்ணாச்சியைக் கேட்டு அவள் குடியிருந்த தெருவைக் கண்டுபிடித்தோம்.

ஒற்றை அறை வீடு. சாமான்கள் சுவரோடு சுவராக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஆனால் ஜன்னல் ஓரத்தில் ஒரு மிஷின் அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது. தண்ணீர்க் குடம்கூட அங்கே வைக்கவில்லை.

வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன். "வூட்டுக்குக் கொண்டும்போய் திறந்து பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. வெறும் எண்ணெய்தான் இறுகியிருக்கு. ஓடுது. இது உன் மிஷின், நீயே வச்சுக்க."

எவ்வளவோ யோசித்துக் கொண்டுவந்து கொடுக்கிறவளுக்கு, உண்மையையும் சேர்த்துக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வீலைத் தொட்டுச் சுற்றினாள். சுழன்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காசு என்று அவள் ஆரம்பித்ததும், "பேசாம இரு" என்று கத்திவிட்டேன். பையில் இருந்த மிஷின் எண்ணெய் பாட்டிலை அவள் கையில் திணித்து, "தேங்காய் எண்ணெய் பக்கம் போனே, கையை ஒடிப்பேன்" என்றேன். அழுகையோடு சிரித்தாள். திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் அண்ணாச்சி கடையில் நான் வேறு ஆள். யாராவது இறுகிய மிஷினை இறக்கினால், அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "இது சாகல, எடுத்துகினு போ" என்று கெரசின் வைத்தியம் சொல்லி அனுப்பிவிடுவேன். "எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதீங்களே டீச்சரம்மா" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் டீ வாங்கிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. என் வீட்டில் பதினொன்று பத்தானது. அதற்கு மேல் ஏறவில்லை.

அவள் பிசிறு வெட்டுவதை விட்டுவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தாள். என் ஜாக்கெட் எல்லாம் அவள் தையல்தான். அளவு நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு: "டீச்சர், சீக்கிரம் வேணும்னு கத்தும்." ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் மறுநாள் பொரி, கடலை, வெல்லம் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாள். "நீ குடுத்த மிஷினுக்குப் படைச்சது" என்பாள். அந்தப் பொரி எனக்கு இறங்காது. அவள் நன்றி சொல்லச் சொல்ல, அன்றைக்குச் சொன்ன பொய் உள்ளே கிடந்து குத்தும். நாலைந்து வருஷம் இப்படியே போனது.

அப்படி ஒரு வருஷம் பொரியோடு வந்தவள், என் பத்து மிஷின்களிலும் வைத்திருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பேச்சுவாக்கில் ஒன்றைத் திறந்து, பழக்க தோஷத்தில் சுண்டுவிரலை விட்டு மோந்து பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?"

"அன்னிக்கும் இப்டிதான் மோந்து பாத்தே டீச்சரு. அண்ணாச்சி கடைல."

நான் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு எனக்குப் புரியல. வூட்டுக்குப் போனதும்தான் பொறி தட்டிச்சு. செத்த மிஷின எதுக்கு மோந்து பாக்கணும்? அப்பால தேங்கா எண்ணெய் ஊத்தினு இருந்த பாட்டில எடுத்து நானும் மோந்து பாத்தேன். மிஷின் சாகல, இந்த எண்ணெய்தான் இறுகிகினு கீதுன்னு அப்பதான் புரிஞ்சுது. நீ இறுகிப் போச்சுன்னு சொன்னப்பவே உனக்குத் தெரியும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அதான் நோட்டு கேக்க வந்தியா?"

"நோட்டு எதுக்கு எனக்கு? எவ எவளுக்கு எவ்ளோ அளவுன்னு அல்லாம் மனசுல கீது. உன்னைப் பாக்கத்தான் வந்தேன். பொடவை மூடிகினு இருந்துச்சே, அதுக்குக் கீழ ஸ்டாண்டு காலு தெரிஞ்சுது. எங்க நைனா வெல்டிங் வச்ச காலு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டி வாயத் தொறந்து கேக்கல? மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமே!" எனக்குக் கோபம்கூட வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவள் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

"கேட்டா நீ இல்லன்னுட்டிருப்பே டீச்சரு. ஒரு தரம் இல்லன்னு சொல்லிட்டா, அப்பால எந்த மூஞ்சிய வச்சுகினு கொண்டாந்து குடுப்பே? அதான் கேக்காம போய்ட்டேன். பொரி நமுத்துப் போவுது, சாப்புடு."

நான் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காத மாதிரி, என் ஜாக்கெட் கையை இழுத்துப் பார்த்து, "இன்னா, பிரிச்சு வுடணும் போல, சதை போட்டுட்டே" என்றாள்.